சாக்ரோ இலியாக் மூட்டு வலி: அறிகுறிகள், நோயறிதல், சிகிச்சை

இடுப்பு வலிக்காக மருத்துவமனைக்கு வரும் பலர் கையில் ஓர் எம்.ஆர்.ஐ. அறிக்கையுடன் வருகின்றனர். டிஸ்க் சற்றுப் பிதுங்கியுள்ளது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். வலிக்கு அதுவே காரணம் என்று நம்பி, மாதக்கணக்கில் படுத்து ஓய்வெடுத்தும் மாத்திரை உட்கொண்டும் குணம் காணாமல் மனம் தளர்ந்திருப்பர். "வலி எங்கே இருக்கிறது? ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டால், அவர்களில் சிலர் முதுகின் நடுப்பகுதியைத் தொடுவதில்லை. இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேற்பகுதியில், ஒரு பக்கத்தில் உள்ள சிறு குழியை ஒட்டிய இடத்தைத் தொட்டுக் காட்டுகின்றனர். அவ்விடத்தில் டிஸ்க் இல்லை. ஒரு மூட்டு இருக்கிறது.

அதன் பெயர் சாக்ரோ இலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களில் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு வலி இம்மூட்டிலிருந்து எழுவதாக மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இதைச் சரியாக இனங்காண்பது ஏன் முக்கியம், எவ்வாறு கண்டறிகிறோம், நீங்கள் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பெரும்பாலான இடுப்பு வலி ஆபத்தானது அன்று. எனினும் பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

- சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரும் மலமும் அறியாமல் வெளியேறுதல்
- பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை ஆகிய பகுதிகள் மரத்துப்போதல்
- கால்களில் நாளுக்கு நாள் கூடும் பலவீனம். நடக்கும்போது பாதம் தொங்குதல்
- காய்ச்சல், குளிர்நடுக்கம் ஆகியவற்றுடன் கூடிய இடுப்பு வலி
- காரணமின்றி உடல் எடை குறைதல், இரவில் மிகுதியாக வியர்த்தல், முன்பு புற்றுநோய் இருந்தமை
- கீழே விழுந்த பின்போ விபத்துக்குப் பின்போ தோன்றிய கடும் வலி. முதியோருக்குச் சிறு சறுக்கலே போதும்

முதல் மூன்று அறிகுறிகளும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதைக் குறிக்கலாம். இந்நிலையில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தரப் பாதிப்புக்கு வழிவகுக்கக்கூடும். 108 ஆம்புலன்ஸை அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எஸ்.ஐ. மூட்டு எங்கே உள்ளது? என்ன செய்கிறது?

முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்து முக்கோண வடிவில் அமைந்த எலும்பு உள்ளது. இதுவே சாக்ரம் எனப்படும் திருவெலும்பு. இதன் இருபுறமும் அகன்ற இடுப்பெலும்புகள் உள்ளன. இவற்றின் மேற்பகுதி இலியம் எனப்படும். சாக்ரமும் இலியமும் சேருமிடமே சாக்ரோ இலியாக் மூட்டு. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என நமக்கு இரண்டு மூட்டுகள் உள்ளன.

நீங்கள் நிற்கும்போது தலை, கைகள், உடல் ஆகியவற்றின் எடை முதுகெலும்பு வழியாக இறங்கி, இந்த இரு மூட்டுகளின் வழியே பிரிந்து கால்களைச் சென்றடைகிறது. நடக்கும்போது தரையிலிருந்து மேலெழும் அதிர்வையும் இவையே தாங்குகின்றன. ஆகவே இவை வலிமையான இணைப்பு நார்களால் இறுகக் கட்டப்பட்டுள்ளன. முழங்கால், தோள் மூட்டுகளைப் போல் இவை தாராளமாக அசைவதில்லை. இவற்றின் அசைவு சில பாகைகளே. நகர்வு ஓரிரு மில்லிமீட்டரே.

"குனிந்தபோது இடுப்பு மூட்டு விலகிவிட்டது, இழுத்துச் சரிசெய்ய வேண்டும்" என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். பெரும் விபத்தில் இடுப்பு எலும்புக்கூட்டில் முறிவு ஏற்பட்டாலன்றி இம்மூட்டு விலகுவதில்லை. தும்மினாலோ குனிந்தாலோ அது இடம்பெயராது. இதை அறிந்திருந்தால் அசைவதற்கான அச்சம் பாதி நீங்கிவிடும்.

இது ஏன் கவனத்துக்கு வராமல் போகிறது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் இடுப்பு வலிக்கு எஸ்.ஐ. மூட்டையே முதன்மைக் காரணமாகக் கருதினர். 1905இல் கோல்ட்வெயிட், ஆஸ்குட் ஆகிய அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் இது குறித்து எழுதினர். 1934இல் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்திக் கால்வலி உண்டாக்குவதை வெளியிட்டனர். அதன் பின்னர் மருத்துவர்களின் கவனம் டிஸ்க்கின் பக்கம் திரும்பியது. எம்.ஆர்.ஐ. பரவலான பின் டிஸ்க் மாற்றங்கள் படத்தில் தெளிவாகத் தெரியத் தொடங்கின, எஸ்.ஐ. மூட்டு பின்னுக்குச் சென்றது.

ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு இருப்பதைக் காட்டியது. தலைமுடி நரைப்பதைப் போல், டிஸ்க் மாற்றங்களில் பெரும்பகுதி வயதின் அடையாளமே.

மற்றொரு காரணமும் உண்டு. கீழ்முதுகுக்கென எடுக்கப்படும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் எஸ்.ஐ. மூட்டு முழுமையாகப் பதிவாவதில்லை. அறிக்கையில் அம்மூட்டைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்றால், அது நலமாக உள்ளது என்று பொருள் கொள்ள இயலாது.

வலிக்கான காரணங்கள்

எஸ்.ஐ. மூட்டு வலியை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். இவ்விரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதால், உங்கள் வலி எப்பிரிவைச் சேர்ந்தது என்று அறிவதே முதல் பணி.

*முதற்பிரிவு: பளுவினாலும் இழுவிசையினாலும் ஏற்படும் வலி.* இதுவே மிகுதியாகக் காணப்படுவது.

- பிட்டம் தரையில் மோத விழுதல். இரு சக்கர வாகன விபத்து
- உடலைத் திருப்பியவாறு பளு தூக்குதல்
- கர்ப்பமும் மகப்பேறும்
- இரு கால்களின் நீளத்தில் வேறுபாடு. முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து நடத்தல்
- முன்பு கீழ்முதுகு எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டமை. இதன் பின் கூடுதல் பளு எஸ்.ஐ. மூட்டின் மீது விழுகிறது
- வயதினால் ஏற்படும் மூட்டுத் தேய்மானம்

*இரண்டாம் பிரிவு: அழற்சியினாலும் தொற்றினாலும் ஏற்படும் வலி.*

- முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாதம். இதன் முற்றிய வடிவம் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும்
- சோரியாசிஸ் என்னும் தோல் நோய், நாள்பட்ட குடல் அழற்சி ஆகியவற்றுடன் வரும் மூட்டு அழற்சி
- காசநோய், இது பெரும்பாலும் ஒரு பக்க மூட்டை மட்டும் தாக்கும்
- புருசெல்லோசிஸ்; காய்ச்சாத பாலை அருந்துவோரையும் கால்நடைகளுடன் பணிபுரிவோரையும் தாக்கும் தொற்று
- சீழ் உண்டாக்கும் பிற நுண்ணுயிர்த் தொற்றுகள்

அறிகுறிகள்

எஸ்.ஐ. மூட்டு வலி பொதுவாக ஒரு பக்கம், இடுப்புக்குக் கீழே உணரப்படும். அது பிட்டத்துக்கும் தொடையின் பின்புறத்துக்கும் பரவலாம். சிலருக்குத் தொடை இடுக்கிலும், அரிதாக முழங்காலுக்குக் கீழேயும் உணரப்படும். பின்வரும் வேளைகளில் வலி கூடுவதாக நோயாளிகள் கூறுவர்.

- நெடுநேரம் அமர்ந்த பின் எழும்போது
- படுக்கையில் புரளும்போது
- படியேறும்போது, பேருந்தில் ஏற ஒரு காலை உயர்த்தும்போது
- ஒற்றைக் காலில் நின்று உடை அணியும்போது
- வலியுள்ள பக்கப் பிட்டத்தில் எடையை ஊன்றி அமரும்போது

இவ்வலியை ஒத்த பிற நோய்களும் உள்ளன. அவற்றிலிருந்து இதைப் பிரித்தறியும் குறிப்புகள் வருமாறு.

- டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதல்: மின்சாரம் பாய்வது போன்ற வலி முழங்காலைக் கடந்து பாதம் வரை ஓடும். மரத்துப்போதலும் கூச்ச உணர்வும் இருக்கும். இருமினால் கூடும்.
- தண்டுவடக் கால்வாய் சுருங்குதல்: பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும். சற்றுத் தொலைவு நடந்ததும் இரு கால்களும் கனத்து வலிக்கும். அமர்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ குறையும்.
- தொடை மூட்டு நோய்: வலி முக்கியமாகத் தொடை இடுக்கில் இருக்கும். சம்மணமிட்டு அமர்வது கடினமாகும்.
- முதுகெலும்பின் சிறு மூட்டுகளில் வலி: இடுப்புக்கு மேலே உணரப்படும். பின்புறமாக வளைந்தால் கூடும்.
- திருவெலும்பில் நுண்முறிவு: எலும்பு அடர்த்தி குறைந்த முதிய பெண்களுக்கு, பெரிய அடி எதுவும் படாமலேயே ஏற்படலாம். எக்ஸ்ரே படத்தில் தவறிப்போவதுண்டு.

ஒருவருக்கே இவற்றுள் இரண்டு ஒருசேர இருக்கவும் கூடும்.

இளம் வயதினர் தவறவிடக் கூடாத அறிகுறி: காலை விறைப்பு

இப்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க உங்களுக்கு நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

இருபது வயதுகளில் உள்ள ஒருவருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் வலி மெல்லத் தொடங்குகிறது. அடிபடவில்லை, பளு தூக்கவில்லை. இரவின் பிற்பகுதியில் வலியால் விழிப்பு வருகிறது. காலையில் முதுகு மரக்கட்டை போல் விறைத்திருக்கிறது. அரை மணி நேரமோ அதற்கு மேலோ நடமாடிய பிறகே இளகுகிறது. பகலில் நன்றாகத் தெரிவதால் வீட்டார் அவரைச் சோம்பேறி என்கின்றனர். டிஸ்க் வலி என்று கருதி ஓய்வெடுக்கச் சொல்கின்றனர். ஓய்வு எடுக்க எடுக்க வலி கூடுகிறது.

இது அழற்சி வாதத்தின் போக்கு. பளுவினால் வரும் வலி ஓய்வில் குறையும். அழற்சி வலி ஓய்வில் கூடி அசைவில் குறையும். பின்வருவனவற்றுள் பல உங்களுக்குப் பொருந்தினால் மருத்துவரிடம் அவற்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

- 45 வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி
- படிப்படியாகத் தொடங்கிய வலி
- நடமாட்டத்தால் குறைந்து, ஓய்வால் குறையாத வலி
- இரவில் எழுப்பும் வலி. எழுந்து நடந்தால் தணிதல்
- பிட்டத்தில் பக்கம் மாறி மாறி வரும் வலி
- கண் சிவந்து வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க இயலாத நிலை ஒரு முறையேனும் ஏற்பட்டமை
- குதிகால் வலி, சோரியாசிஸ், நீடித்த வயிற்றுப்போக்கு
- குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருத்தல்

இந்நோய் ஆண்களுக்கு மட்டுமே வரும் என்ற கருத்து தவறு. பெண்களுக்கும் வரும், அவர்களுக்குக் கண்டறிதல் மேலும் தாமதமாகிறது. உலகின் பல நாடுகளிலும் இந்நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுகிறது. அதற்குள் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து முதுகு வளைந்துவிடுகிறது. அந்த வளைவை மருந்தால் நிமிர்த்த இயலாது. ஆரம்பத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோர் வேலை, திருமணம், குழந்தைப்பேறு என இயல்பான வாழ்வை நடத்தலாம்.

நோயறிதல்

*மருத்துவர் கேட்பவை.* வலி தொடங்கிய விதம், இடம், கூடும் நேரம், குறையும் நேரம், முந்தைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை கேட்கப்படும். நோயறிதலில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

*உடல் பரிசோதனை.* மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ உங்கள் இடுப்பையும் தொடையையும் சில நிலைகளில் அழுத்தியும் வளைத்தும் பார்ப்பார். இடுப்பெலும்புகளைப் பக்கவாட்டில் அழுத்துதல், அவற்றை முன்புறமாக விரித்து அழுத்துதல், மடித்த தொடையை மேலிருந்து அழுத்துதல், குப்புறப் படுத்த நிலையில் திருவெலும்பை அழுத்துதல், ஒரு காலை மார்போடு மடக்கி மறு காலைக் கட்டிலின் விளிம்பிலிருந்து தொங்கவிடுதல் ஆகியவை இச்சோதனைகள். இவற்றுள் ஒன்று மட்டும் வலித்தால் முடிவுக்கு வர இயலாது. மூன்றோ அதற்கு மேலோ உங்கள் வழக்கமான வலியை அப்படியே தூண்டினால், வலி எஸ்.ஐ. மூட்டிலிருந்து எழுவதற்கான வாய்ப்பு அதிகம். தொடை மூட்டும் கால்களின் நரம்பு வலிமையும் சேர்த்துச் சோதிக்கப்படும்.

*எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., சி.டி.* பளுவினால் ஏற்படும் எஸ்.ஐ. மூட்டு வலியில் படங்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். படம் இயல்பாக இருப்பதால் உங்கள் வலி பொய் என்று ஆகாது. அழற்சி வாதத்தில் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன்பே எஸ்.ஐ. மூட்டுக்கென எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. எலும்பினுள் உள்ள வீக்கத்தைக் காட்டிவிடும். அண்மையில் மகப்பேறு கண்டவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் நோயின்றியே அத்தகைய வீக்கம் தெரியக்கூடும். எனவே படத்தை அறிகுறிகளோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

*இரத்தப் பரிசோதனைகள்.* ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை உடலில் அழற்சி உள்ளதா என்பதைக் காட்டும். அழற்சி வாதம் உள்ள சிலருக்கு இவை இயல்பாகவும் இருக்கலாம். எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபுக்கூறு இந்நோயாளிகளில் பலருக்கு உண்டு. ஆனால் இம்மரபுக்கூறு உடையோரில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. இம்முடிவு மட்டும் நேர்மறையாக வந்ததைக் கண்டு அஞ்ச வேண்டாம். தொற்று ஐயம் இருந்தால் காசநோய், புருசெல்லோசிஸ் ஆகியவற்றுக்கான சோதனைகளும், தேவைப்பட்டால் மூட்டிலிருந்து ஊசி வழியாக மாதிரி எடுத்தலும் நடைபெறும்.

*மூட்டினுள் மரப்பூசி செலுத்திச் சோதித்தல்.* எக்ஸ்ரே கருவியின் துணையோடு மூட்டினுள் மரப்பு மருந்து செலுத்தப்படும். வழக்கமான வலி உடனடியாகப் பெருமளவு தணிந்தால், வலியின் ஊற்று அம்மூட்டே என்று உறுதியாகும். எல்லோருக்கும் இது தேவையில்லை. வழக்கமான சிகிச்சைகள் பயனளிக்காமல், அடுத்த கட்டச் சிகிச்சையை எண்ணும்போது மட்டுமே செய்யப்படும்.

சிகிச்சை: பளுவினால் ஏற்படும் வலிக்கு

*ஓய்வு எவ்வளவு?* கடும் வலி உள்ள ஓரிரு நாட்கள் வேலைகளைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் படுக்கையில் கிடப்பது தசைகளைத் தளர்த்தி வலியை நீட்டிக்கும். இயன்ற அளவு நடங்கள். அன்றாட வேலைகளைப் படிப்படியாகத் தொடருங்கள்.

*அன்றாடப் பழக்கங்கள்.*

- அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள்.
- குடத்தையோ குழந்தையையோ எப்போதும் ஒரே பக்க இடுப்பில் சுமக்காதீர்கள்.
- பேன்ட்டின் பின்பையில் பருமனான பணப்பை வைத்து அமராதீர்கள்.
- பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.
- வலி மிகுந்த நாட்களில் தரையில் சம்மணமிடுவதைத் தவிர்த்து நாற்காலியைப் பயன்படுத்துங்கள்.
- வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். தோல் சுடாமல் துணி சுற்றிப் பயன்படுத்துங்கள். நீரிழிவால் உணர்வு குறைந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ளுங்கள்.

*உடற்பயிற்சி.* நீடித்த பயன் தருவதில் முதலிடம் இதற்கே. இயன்முறை மருத்துவரிடம் ஒரு முறை நேரில் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வது சிறந்தது. பொதுவாகக் கற்பிக்கப்படும் நான்கு பயிற்சிகள் இவை.

1. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் பற்றி மார்பை நோக்கி இழுங்கள். 20 எண்ணும் வரை நிறுத்தி விடுங்கள். பக்கத்துக்கு மூன்று முறை.
2. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றுங்கள். பிட்டத் தசைகளை இறுக்கி இடுப்பை மேலே உயர்த்துங்கள். 5 எண்ணி இறக்குங்கள். பத்து முறை.
3. ஒரு பக்கம் சாய்ந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். குதிகால்கள் சேர்ந்திருக்க, மேல் முழங்காலை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து முறை.
4. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டுங்கள். 5 எண்ணிப் பக்கம் மாற்றுங்கள். பத்து முறை.

பயிற்சியின்போது இலேசான இழுவை இயல்பானது. வலி கூடி மறுநாள் வரை நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயிற்சியை முற்றிலும் கைவிட வேண்டாம். மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம்.

*மருந்துகள்.* ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் குறுகிய காலத்துக்குப் பயன் தரும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளக் கூடாது. மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வது சிறுநீரகத்தைப் பாதிக்கும். பெயரோ உட்பொருளோ குறிக்கப்படாத வலி மாத்திரைகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும், அவற்றைத் தவிருங்கள்.

*இடுப்புப் பட்டை.* உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவான நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகுப் பட்டைகளையும் இழுவைச் சிகிச்சையையும் பரிந்துரைக்கவில்லை. இடுப்பெலும்புகளைச் சுற்றித் தாழ அணியும் குறுகிய பட்டை வேறு வகை. கர்ப்பிணிகளுக்கும் மகப்பேற்றுக்குப் பிந்தைய வலிக்கும் இது நடக்கும்போது துணை செய்யலாம். நாள் முழுவதும் அணிய வேண்டியதில்லை.

*ஊசியும் அறுவை சிகிச்சையும்.* சில மாதங்கள் முறையான பயிற்சிக்குப் பின்னும் வலி நீடித்தால், மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி போடப்படலாம். அதன் பலன் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு உயரலாம், முன்கூட்டியே தெரிவியுங்கள். வலியைக் கடத்தும் நுண்நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையும் உள்ளது. மூட்டை உலோக ஆணிகளால் இணைக்கும் அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும். மரப்பூசிச் சோதனையால் காரணம் உறுதியாகாமல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சை: அழற்சிக்கும் தொற்றுக்கும்

அழற்சி வாதத்துக்கு முதல் மருந்து மேற்கூறிய வலி நிவாரணிகளே. ஆனால் இங்கு அவை அழற்சியைத் தணிக்கும் சிகிச்சையாக, மருத்துவர் வரையறுக்கும் அளவிலும் காலத்திலும் வழங்கப்படும். நாள்தோறும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் மருந்துக்கு இணையான இடம் பெறும். புகைப்பிடித்தல் முதுகெலும்புப் பாதிப்பை விரைவுபடுத்தும். கட்டாயம் நிறுத்த வேண்டும். வலி நிவாரணிகள் போதாதபோது, அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் தரப்படும். மறைந்திருக்கும் காசநோயை இவை தூண்டிவிடக்கூடும் என்பதால், தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்டகாலம் உட்கொள்வது இந்நோய்க்கு ஏற்றதன்று.

மூட்டில் காசநோய் எனில், தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் மருந்துகள் இலவசமாகக் கிடைக்கும். எலும்பு, மூட்டுக் காசநோய்க்கு நுரையீரல் காசநோயைவிட நீண்டகாலச் சிகிச்சை தேவை. சில வாரங்களில் வலி தணிந்தாலும் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு

ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி ஏற்படுகிறது. இது குழந்தையைப் பாதிப்பதில்லை. அமர்ந்தவாறு உடை அணியுங்கள். படுக்கையில் திரும்பும்போதும் வாகனத்திலிருந்து இறங்கும்போதும் முழங்கால்களைச் சேர்த்து வைத்துத் திரும்புங்கள். படிகளில் ஒவ்வொன்றாக ஏறுங்கள். வலி தாங்க இயலாவிட்டால் மருத்துவரின் ஆலோசனையுடன் பாராசிட்டமால் உட்கொள்ளலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாக உட்கொள்ளக் கூடாது. இவ்வலி இருப்பதாலேயே சிசேரியன் தேவைப்படுவதில்லை. பெரும்பாலோருக்கு மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் குணமாகிவிடும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், "பிள்ளை பெற்ற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரை அணுகுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

- காலையில் எழத் தாமதிக்கும் இளைஞரைக் குறைகூறும் முன், எழும்போது முதுகு விறைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.
- நோயாளியின் வேலைகளை எல்லாம் நீங்களே செய்துவிடாதீர்கள். இயன்றதை அவரே செய்ய உடனிருந்து ஊக்குவியுங்கள். பயிற்சிக்கென ஒரு நேரத்தை வகுத்துக்கொடுங்கள்.
- முதியவரின் இடுப்பை முரட்டுத்தனமாக அழுத்தவோ இழுக்கவோ எவரையும் அனுமதிக்காதீர்கள். எலும்பு முறிவு மறைந்திருக்கலாம்.
- சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உள்ளதா என்று கேட்டறியுங்கள். கூச்சத்தால் பலர் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

எங்கே செல்வது? எவற்றை எடுத்துச் செல்வது?

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கிருந்து தேவைக்கேற்ப அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்கோ, அழற்சி ஐயம் இருப்பின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவுக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். நடமாட இயலாதவர்களுக்கு, 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை வழங்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

செல்லும் முன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: வலி தொடங்கிய மாதம், காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, ஓய்வில் வலி கூடுகிறதா, குறைகிறதா, இதுவரை உட்கொண்ட மருந்துகள். பழைய படங்களையும் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் வலி எங்கே என்று கேட்கும்போது அறிக்கையை நீட்டும் முன், ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

*இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. உங்கள் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது.*